கீழே இறங்கிய புள்ளி

டிக்... டிக்... டிக்... முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ஊசி மாதிரி ஓர் உளி, விரல் நீளத்துக்கு ஒரு சுத்தியல். வெகு காலத்துக்கு முன்னால், பாலைவனத்துக்கு அப்பால் ஒரு மலை நகரத்தில், லுபாபா என்பவள் இரும்புத் தலைக்கவசத்தில் தங்கக் கம்பி பதித்துக்கொண்டிருந்தாள்.

கவசம் அந்நாட்டு அமீருக்கு. விளிம்பைச் சுற்றி 'நஸ்ர்', அதாவது வெற்றி, என்று மூன்று முறை எழுத வேண்டும். முதல் முறை சரியாக வந்தது. இரண்டாம் முறையும் சரியாக வந்தது. மூன்றாம் முறை மனசு எல்லைக் கோட்டைக்குப் போய்விட்டது. அவள் கணவன் ஹுதைஃபா அங்கே காவலுக்குப் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. மாற்று ஆள் அனுப்ப அரண்மனை மறந்தே போனது.

அரபு எழுத்தில் புள்ளி பொல்லாதது. முதல் எழுத்துக்கு மேலே வைத்தால் 'நஸ்ர்'. கீழே வைத்தால் 'பஸர்', பார்வை. லுபாபா கீழே வைத்துவிட்டாள். இரும்பில் வெட்டிய குழியை அழிக்க முடியுமா?

அவள் கவசத்தைக் கொண்டுபோன அன்று, சபையில் எழுத்தர் யஃகூப் அந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சிரித்தார். "அமீரே, எதிரி இதைப் படித்தால் கண் வைத்தியர் வருகிறார் என்றல்லவா நினைப்பான்!"

அமீருக்குச் சாதுரியப் பேச்சென்றால் உயிர். "பெண்ணே, வெற்றிக்கும் பார்வை வேண்டும் என்று எழுதினாயா? ஆம் என்றால் பரிசு. பிழை என்றால் உன் உளியைப் பிடுங்கிக்கொள்வேன்."

ஒரு 'ஆம்' போதும். லுபாபா கூசிக்கொண்டே தலையைக் குனிந்தாள்.

"பிழைதான், அமீரே. அவரைப் பார்க்கணும், பார்க்கணும் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். கை அதையே எழுதிவிட்டது."

"யாரை?"

கோட்டையைச் சொன்னாள். மூன்று குளிர்காலத்தையும் சொன்னாள்.

"அங்கே எத்தனை பேர்?"

"அறுபது பேர். இன்றைக்கு வந்துவிடுவார்களோ என்று அறுபது வீட்டிலும் தினம் ஒரு ரொட்டி கூடுதலாகச் சுடுகிறோம். மறுநாள் ஆட்டுக்குப் போடுகிறோம்."

அமீர் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இல்லாமல் போனதைத்தான் எழுதியிருக்கிறாய்" என்று அதைத் தலையில் வைத்துக்கொண்டார். உளியை அவளிடமே விட்டார். அன்றே அறுபது மாற்று வீரர்கள் புறப்பட்டார்கள்.

போக இருபது நாள், வர இருபது நாள், நடுவில் பனி. யார் வருவார், யார் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியாது.

கேட்பவர்களே, கெட்டிக்காரப் பொய் ஒரு தலையைத்தான் காக்கும், கூசிக்கூசிச் சொன்ன உண்மையோ பலருக்கு வழி திறந்துவிடும்.

லுபாபா வீட்டுக்குப் போய், சபைக்குக் கிளம்பும்போது பாதி அலசி விட்டிருந்த துணிகளைப் பிழிந்து கொடியில் போட ஆரம்பித்தாள்.