அரைத்தட்டு கூடிய பாட்டு

பாட்டுக் கட்டுகிறவர்களின் கூட்டம் ஒன்று கோவில்பட்டியில் இருந்தது. சினிமாவுக்கு எழுதுகிறவர்கள் இல்லை, மேடை கண்டவர்களும் இல்லை. கடலைமிட்டாய்க் கடைக்காரர் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் ஒருவர் என்று பத்துப் பேர் தேறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரூபாவதி டீச்சர் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவரவர் கட்டிய பாட்டை அவரவர் பாடுவார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவரைவிட வயது அதிகம். ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அங்கே ஒரே ஒரு விதி. ஒருவர் பாட்டில் குறை சொல்ல நினைத்தால் முதலில் அந்தப் பாட்டைத் தன் வாயால் பாடிக்காட்ட வேண்டும். குரல் எப்படி இருந்தாலும் சரி, நினைவில் நின்ற மட்டும் போதும். பாடிவிட்டுப் பேசு.

அந்த விதிக்குத் தப்பிய ஒரே ஆள் உச்சிமாகாளி. ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டது என்று, இன்றைக்கு மட்டும் பாடாமல் பேசிக்கொள்கிறேன் என்றார். தொண்டை சரியானது. பாடாமல் பேசுவது மட்டும் நின்றபாடில்லை. யாரும் கேட்கவும் இல்லை, ஏனென்றால் அவர் சொல்லும் குறை சரியாக இருக்கும்.

மில்லில் அவருக்குத் துணி பார்க்கிற வேலை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அண்ணாச்சி இலையில் கிழிசல் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பார் என்று கடலைமிட்டாய்க்காரர் கேலி பேசுவார். உச்சிமாகாளிக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி என்ற தையல்காரப் பெண் புதிதாக வந்தாள். பேச்சுவார்த்தை இல்லாமல் போன தன் தங்கச்சிக்கு ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். தலையைக் குனிந்தபடியே பாடி முடித்தாள். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த நேரத்தை உச்சிமாகாளியால் பொறுக்க முடியவில்லை.

"மூணாவது வரியில அரைத்தட்டு கூடுது. தாளம் நொண்டுது. அதைச் சரி பண்ணாம மத்ததைப் பேசி என்ன பிரயோசனம்?"

எல்லாரும் தொடையில் தட்டிப் பார்த்தார்கள். நொண்டத்தான் செய்தது. செண்பகவல்லி தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இதற்கிடையில் உச்சிமாகாளியும் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். மூத்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம். சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருக்க, மேடையேறித் தானே பாட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. கூட்டத்தில் பாடிக்காட்டினார். நல்லா இருக்கு அண்ணாச்சி என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். குறை சொல்லுங்கப்பா என்று கேட்டுப் பார்த்தார். கணக்கர் கூரையைப் பார்த்தார். கடலைமிட்டாய்க்காரர் டீயில் சீனி குறைச்சல் என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் மில் விட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினார்.

டீச்சர் ஆர்மோனியத்தைக் கவிழ்த்துப் போட்டு, கிழிந்த துருத்திக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என் பாட்டுல என்ன கோளாறு டீச்சர்?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னாங்களே."

"அதான் கோளாறு."

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். செண்பகம் வராமல் போனதிலிருந்து எல்லாரும் தன்னைக் கண்டால் பயந்து பேசுவதாகச் சொன்னார். மேடையில் போய் நின்று அசிங்கப்படட்டும் என்று விட்டுவிட்டார்களோ என்றுகூடத் தோன்றுவதாகச் சொன்னார்.

"நான் சொன்னது பொய்யா டீச்சர்? அரைத்தட்டு கூடுச்சா இல்லையா?"

"கூடுச்சு."

"பிறகு?"

டீச்சர் கையில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டார். அவருடைய விதி அவருக்கும் உண்டு. உச்சிமாகாளியின் பாட்டைப் பல்லவியிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு சொல் சிந்தாமல் பாடினார்.

உச்சிமாகாளி ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டபடி கேட்டார். எங்கேயும் நொண்டவில்லை. கோடு போட ஒரு இடம் இல்லை. தன் பாட்டை இன்னொருவர் வாயில் அப்போதுதான் முதல்முறை கேட்கிறார். யாரோ கல்யாணப் பத்திரிகையை வாசிப்பதுபோல இருந்தது. மாப்பிள்ளை பேர் இருந்தது, பொண்ணு பேர் இருந்தது, இருபத்தோரு வருஷம் மடியில் போட்டு வளர்த்த பிள்ளையை மட்டும் காணவில்லை.

பாட்டு முடிவதற்கு முன்பே விரல் நின்றுவிட்டது.

"என்ன குறை?"

"தேடிப் பாத்தேன் அண்ணாச்சி. ஒண்ணும் கிடைக்கல."

உச்சிமாகாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப நீங்க பாடுங்க" என்றார் டீச்சர்.

"எதை?"

"செண்பகத்தோட பாட்டை. அன்னைக்குக் குறை சொன்னீங்க, பாடலையே."

"ஆர்மோனியம் இல்லாமலா?"

"அந்தப் பிள்ளை என்ன ஆர்மோனியம் வச்சா பாடுச்சு?"

தொண்டையைச் செருமினார். முதல் வரி வரவில்லை, இரண்டாவதும் வரவில்லை. கண்ணை மூடித் தேடினார். வந்தது ஒன்றே ஒன்றுதான்.

'தாழ் போடலட்டி தங்கச்சி... சும்மாதான் சாத்தியிருக்கு.'

தங்கச்சி என்ற இடத்தில் அரைத்தட்டு கூடியது. மறுபடி பாடினார், அங்கேயே கூடியது. அந்த அரைத்தட்டை எடுத்துவிட்டு, தாளத்துக்குள் அடக்கிப் பாடிப் பார்த்தார். வரி நேராக ஓடிப் போய்விட்டது. கதவு ஒன்று சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான். பாடுவதை நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து, எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் வைத்துப் பாடினார். வரி அங்கே ஒரு நொடி நின்று போனது.

"மத்த வரியெல்லாம்?"

"வரல."

"ஒண்ணுகூடவா?"

"இந்த ஒண்ணுதான் டீச்சர். இதுக்கு முன்னால என்னன்னும் தெரியல, பின்னால என்னன்னும் தெரியல. மேஜையில துணி ஓடையில வருது. கை அங்கன நிக்குது, துணி போயிருது. சோத்துக்கு உக்காந்தா வருது. எந்த வீட்டுக் கதவை இப்படிச் சாத்திக்கிட்டே இருக்கீகன்னு வீட்டுக்காரி கேக்குறா."

டீச்சர் சிரிக்கவில்லை. துருத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஒட்ட ஆரம்பித்தார்.

"அப்ப என் பாட்டு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படியே இருக்கும்."

உச்சிமாகாளி வாசல்வரை போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். மறு காலை நுழைக்காமலே நின்றார். தெருவில் ஒரு ஆட்டோ போய் ஓய்ந்தது.

"டீச்சர், நான் போய் அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"பின்னே?"

"அடுத்த வரி என்னன்னு கேட்டுட்டு வாங்க."