அர்த்தம் கேட்ட ஆள்காட்டிக் குருவி

செம்பாறைக் குளத்தின் கிழக்குக் கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, செங்கண்ணி என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். மரத்தில் கூடு கட்டும் இனம் அல்ல அவள். தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் கற்கள், அவ்வளவுதான் அவளுடைய வீடு. முட்டைகளும் கற்களைப் போலவே புள்ளி புள்ளியாக இருக்கும். குனிந்து உற்றுப் பார்த்தால்தான் முட்டை என்றே தெரியும்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. காட்டிலிருந்த மற்ற குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. செம்பாறைக் குளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அதுவும் உள்ளே இறங்கிப் போனதால் கிழக்குக் கரை அகலமாக வெளியே வந்தது. கரை முழுக்கக் கோரைக்கிழங்கு மண்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கோரையன் என்ற காட்டுப்பன்றிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கிழங்கோடு அவன் நிற்கிறவனும் இல்லை. தோண்டும்போது முட்டை கிடைத்தாலும் தின்பான், குஞ்சு கிடைத்தாலும் தின்பான்.

முன்பெல்லாம் இப்படித் தகராறு வந்தால் எல்லோரும் தேனப்பன் என்ற கரடியிடம் போவார்கள். அவன்தான் அந்தக் காட்டுக்கு நீதிபதி. கெட்டவன் அல்ல. இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்பான். மனதுக்கு நியாயமாகப் பட்டதைச் சொல்வான்.

புனுகன் வந்து சேர்ந்த பிறகு அது மாறிப்போனது.

புனுகன் ஒரு மரநாய். பட்டணத்தில், ஒரு பழைய கோர்ட்டுக் கட்டடத்தின் ஓட்டுக்கூரைக்கு அடியில் பல வருஷம் குடியிருந்தவன். கீழே வக்கீல்கள் வாதாடுவதைப் பகல் முழுக்கப் படுத்தபடியே கேட்பான். அப்படிக் கேட்டுக் கேட்டே சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டான். லத்தீன் வாக்கியங்கள் அவன் வாயில் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டதும் அங்கே இடமில்லாமல் காட்டுக்கு வந்தான். கோரையன் அவனுக்குத் தன் புதரில் இடம் கொடுத்தான். தினமும் பழம் பொறுக்கி வந்து போட்டான். புனுகன் அவனுடைய வக்கீல் ஆனான்.

முதலில் வழக்கோடு வந்தது ஒரு முயல்.

"ஐயா, கரையோரத்துப் புல்லை எல்லாம் கோரையன் தோண்டிப் போட்டுட்டான். என் பிள்ளைங்க எதைத் திங்கும்?"

புனுகன் மெதுவாக எழுந்து தொண்டையைச் செருமினான். "கனம் நீதிபதி அவர்களே, இந்த முயலுக்கு லோகஸ் ஸ்டாண்டி இல்லை."

தேனப்பனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அர்த்தம் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் தாடையைத் தடவிக்கொண்டு, "ஆமாம், இல்லைதான்" என்றான்.

முயலும் கேட்கவில்லை. தன் காது, வால், பாதம் எல்லாவற்றையும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டது. இத்தனை நாளாகத் தன்னிடம் ஏதோ ஒன்று இல்லாமலே இருந்திருக்கிறது போல என்று நினைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

அடுத்து ஆமை வந்தாள். கரை மணலில் அவள் முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தாள். முதல் தடவை அவளையும் ஏதோ ஒரு நீளமான வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்காமல் அவள் மறுபடியும் வந்தபோது, "ரெஸ் ஜூடிகாட்டா" என்றான் புனுகன். முடிந்த வழக்கை மறுபடி எடுக்க முடியாது என்று அதற்கு அர்த்தம்; அது தெரியாமலே தேனப்பன் தலையாட்டினான். ஆமை வந்த வழியே திரும்பி நடந்தாள். அவள் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் கோரையன் அந்த மணலைத் தோண்டிவிட்டான். ஓடுகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

அவள் அந்த ஓடுகளுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததைச் செங்கண்ணி பார்த்தாள். தன் முட்டைகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

இரண்டொரு நாள் கழித்து ஒரு காகம் அவளுக்கு மேலே பறந்தபடி, "ஆஜர், ஆஜர்" என்று கத்திவிட்டுப் போனது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் அதே காகம் வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தது.

"கோரையன் உன்மேல போட்ட வழக்கு முடிஞ்சுபோச்சு. எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு. நாளைக்கு விடியும்போது கரையைக் காலி பண்ணிடணும்."

"என்மேல வழக்கா? எப்ப நடந்தது?"

"நேத்து. அர்த்தமெல்லாம் என்னைக் கேக்காதே. சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்." காகம் பறந்துவிட்டது.

இரை தேடப் போயிருந்த அவள் கணவன் நெட்டைக்காலன் திரும்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவளருகே ஓடிவந்தான்.

"போயிடலாம், செங்கண்ணி. நாம உயிரோட இருந்தா இன்னொரு தடவை முட்டை வைக்கலாம்."

"நான் பறந்துடுவேன். இதுங்க பறக்குமா?"

"அங்க போய் என்ன பண்ணுவே? அவங்க பேசறது ஒரு வார்த்தைகூட நமக்குப் புரியாதே."

"புரியாததாலதான் போறேன். நீங்க வந்து அடைகாத்துட்டு இருங்க. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

அவன் உட்கார்ந்தான். முட்டைகள் ஆறாதபடி அவன் இறகுகளைச் சரிசெய்துவிட்டு அவள் கிளம்பினாள்.

இலுப்பை மரத்தடியில் வேறொரு வழக்கு முடியும் நேரம். முயல், ஆமை, காகம், இன்னும் பலரும் சுற்றி நின்றார்கள். செங்கண்ணி நேராக நடுவில் போய் இறங்கினாள். கரடியின் கால் நகத்தின் உயரம்கூட இல்லாதவள்போல் இருந்தாள்.

"ஐயா, என்மேல தீர்ப்புச் சொன்னீங்களாம். எக்ஸ் பார்ட்டின்னா என்ன அர்த்தம்?"

புனுகன் சிரித்தான். "நீதிமன்றத்துல பாடம் நடத்த முடியாது, அம்மா. தீர்ப்புக்குக் கீழ்ப்படி."

"புரியாத ஒண்ணுக்கு எப்படி வக்கீல் ஐயா கீழ்ப்படியறது? எனக்குச் சட்டம் தெரியாதே."

"இக்னோரன்ஷியா ஜூரிஸ் நான் எக்ஸ்கியூஸட்," என்றான் புனுகன்.

கூட்டம் பின்வாங்கியது. முயல் கண்ணை மூடிக்கொண்டது. செங்கண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இதுக்கும் அர்த்தம் சொல்லுங்க."

புனுகன் நீதிபதியைப் பார்த்தான். நீதிபதியோ பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாக்கியம் தனக்குச் சாதகமானதுதானே, சொன்னால் என்ன என்று புனுகனுக்குத் தோன்றியது.

"சட்டம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. அதான் அர்த்தம்."

"அப்படின்னா சட்டத்தைத் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது என் கடமை."

"ஆமாம்."

"நீங்க சொன்ன கடமையைச் செய்யத்தான் வந்திருக்கேன். தெரிஞ்சுக்காம இங்கேயிருந்து நகர மாட்டேன். எக்ஸ் பார்ட்டின்னா என்ன?"

மரத்தடியில் சலசலப்பு எழுந்தது. தேனப்பன் முன்னால் சாய்ந்தான். "சொல்லு, புனுகா."

"ஒரு தரப்பு வராதபோது, வந்த தரப்பை மட்டும் கேட்டுட்டுச் சொல்ற தீர்ப்பு," என்றான் புனுகன் வேண்டா வெறுப்பாக. "இவளுக்குச் சம்மன் அனுப்பினோம். இவ வரலை."

"யாரும் என்னைக் கூப்பிடலையே."

"காகம் வந்து சொன்னதே."

"ஆஜர், ஆஜர்னு கத்திட்டுப் போனது. அதுக்கு எங்கேயோ சோறு கிடைச்சிருக்கு, அந்தச் சந்தோஷம்னு நினைச்சேன்."

சிலர் சிரித்தார்கள். தேனப்பன் காகத்தைப் பார்த்தான். "என்ன வழக்கு, எப்ப வரணும்னு இவகிட்ட நின்னு சொன்னியா?"

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் கத்திட்டு வான்னு வக்கீல்தான் சொன்னாரு," என்றது காகம்.

அதற்குள் பின்னாலிருந்து முயலின் குரல் மெல்ல வந்தது. "ஐயா, எனக்கு லோகஸ் ஸ்டாண்டி இல்லைன்னாங்களே. அது எங்க இருக்கும்?"

புனுகன் பல்லைக் கடித்தான். "வழக்குப் போடற உரிமை. பாதிக்கப்பட்டவனுக்குத்தான் அது உண்டு."

"என் புல்லுதானே போச்சு?" என்றது முயல். "பசியில கிடக்கறது என் பிள்ளைங்கதானே? நான் பாதிக்கப்படலையா?"

தேனப்பனின் காதுகள் மடங்கின.

செங்கண்ணி நேரத்தை வீணாக்கவில்லை. வார்த்தைகளை வெளியே விட விட புனுகனின் வாய் இறுகிக்கொண்டே போவதை அவள் கவனித்தாள். இனி நேராகக் கேட்டால் அவன் சொல்ல மாட்டான். ஆனால் தன் படிப்பின்மேல் அவனுக்கு இருந்த கர்வம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"வக்கீல் ஐயா அத்தனை வருஷம் கோர்ட்டுக் கூரையில இருந்தாராம்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எங்க பக்கத்தையும் கேளுங்கன்னு சொல்றதுக்கு அங்கே ஒரு வார்த்தைகூடக் கிடையாது போல. இருந்திருந்தா இவருக்குத் தெரிஞ்சிருக்கும். இல்லைன்னா, அந்த அளவுக்கு இவரு கத்துக்கலையோ என்னவோ."

"யாருக்குத் தெரியாது?" புனுகனின் வால் சிலிர்த்தது. "ஆடி ஆல்ட்டரம் பார்ட்டம். எல்லாத்துக்கும் அடிப்படையே அதுதான். மறுதரப்பையும் கேள்னு அர்த்தம். அதைக் கேட்காம சொன்ன தீர்ப்பு நிக்கவே..."

பாதியில் நிறுத்திவிட்டான். அதற்குள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

"நிக்கவே?" என்றான் தேனப்பன்.

"நிக்காது," என்றான் புனுகன் தரையைப் பார்த்தபடி.

தேனப்பன் புனுகனிடமிருந்து கண்ணை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு, "புரியாமலே தலையாட்டியிருக்கேன்," என்றான். "கேட்டா மரியாதை போயிடும்னு நினைச்சேன். இவளோட வழக்கை மறுபடி எடுக்கறேன். கோரையா, உன் பக்கத்தைச் சொல்லு."

கோரையன் வக்கீலைப் பார்த்தான். புனுகன் சமாளித்துக்கொண்டு, "அந்தக் கரை ஒரு 'போனா வேகன்ஷியா'," என்றான். "அர்த்தத்தை நானே சொல்லிடறேன். சொந்தக்காரன் இல்லாத சொத்து. அங்கே யாரும் குடியில்லை."

"வந்து பாருங்க," என்றாள் செங்கண்ணி.

எல்லோரும் கரைக்குப் போனார்கள். நெட்டைக்காலன் பயத்தில் சுருங்கியிருந்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் விலகினான்.

"எங்கே முட்டை? வெறும் கல்லுதான் கிடக்கு," என்றபடி கோரையன் முன்னால் நடந்தான். இன்னும் ஓரடி வைத்திருந்தால் அவன் குளம்பு பள்ளத்தில் இறங்கியிருக்கும். செங்கண்ணி ஓடிவந்து இறக்கையை விரித்து அவன் மூக்குக்கு நேரே நின்றாள்.

"மிதிக்கணும்னா என்னை மிதிச்சுட்டுப் போ. அதுக்கு முன்னாடி ஐயா பார்க்கட்டும்."

கோரையன் உறுமினான். அவள் கண் இமைக்கவில்லை. காட்டில் அவன் உறுமி நகராத ஒன்றை அன்றுதான் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டான்.

தேனப்பன் முழங்காலிட்டுக் குனிந்தான். முதலில் கற்கள்தான் தெரிந்தன. இன்னும் குனிந்தான். காதைத் தரையோடு வைத்தான். ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. ஒன்று நிறுத்தியதும் இன்னொன்று பேசியது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு முடித்தான்.

பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னான். "இந்தக் கரையில குடியிருக்காங்க. குஞ்சு பொரிச்சு, கால் ஊன்றி நடக்கற வரைக்கும் கோரையன் கிழக்குக் கரைப் பக்கமே வரக் கூடாது. மேற்குக் கரையிலயும் கிழங்கு இருக்கு, அங்கே போகட்டும். முயல் குடும்பத்துக்குப் புல்வெளி திரும்ப வரணும்."

புனுகன் பன்றியின் காதில், "இதுக்கு ஸ்டே வாங்கிடலாம்," என்று முணுமுணுத்தான்.

"முதல்ல அதுக்கு அர்த்தத்தைச் சொல்லுடா," என்று கோரையன் எரிந்து விழுந்தான். "நீ பேசினதுல எனக்கே பாதி புரியலை." அவன் மேற்குக் கரையைப் பார்த்து நடந்தான்.

அப்போது ஆமை முன்னால் வந்தாள். "ஐயா, என் முட்டைங்க?"

தேனப்பன் தலையைக் குனிந்துகொண்டான். புனுகனிடமும் அதற்கு ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. செங்கண்ணி போய் ஆமையின் பக்கத்தில், அந்த உடைந்த ஓடுகளுக்கு அருகே உட்கார்ந்தாள்.

மறுநாள் முதல் இலுப்பை மரத்தடியில் ஒரு புது வழக்கம் வந்தது. யார் எந்த வார்த்தையைச் சொன்னாலும், எதிரே நிற்பவருக்குப் புரியும்படி அர்த்தமும் சொல்ல வேண்டும். புனுகன் இப்போதும் வக்கீல்தான். லத்தீன் அவன் நாக்கை விட்டுப் போகவில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்ததுமே, "அர்த்தம்?" என்று முயல் முதல் ஆளாகக் குரல் கொடுத்துவிடும்.

புரியாத வார்த்தைக்குப் பயந்து தலையாட்டுகிறவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே தூக்கிக் கொடுக்கிறார்கள். ஆகவே யார் முன்னாலும் எழுந்து நின்று அர்த்தம் கேட்க ஒருவரும் அஞ்சக் கூடாது.