ஓநாய்க் குலத்துப் பெயர்

விஸ்கான்சினில் ஒனைடா மக்களின் ஊர் அது. அமெரிக்கா தேசமாகும் முன்பே அதன் விடுதலைப் போரில் அதன் பக்கம் நின்ற பூர்வகுடிகள் அவர்கள். கரடி, ஓநாய், ஆமை என்று மூன்று குலங்கள். பிள்ளைக்குத் தாயின் குலம். அவர்கள் மொழியில் வைக்கும் பெயரும் குலத்தின் உடைமைதான். சுமந்தவர் இறந்தால் அது குலத்துக்குத் திரும்பும். குலத்தின் தலைவியான குலத்தாய் அதைத் தன் குலத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுப்பாள்.

ஓநாய்க் குலத்து ரோலண்டின் பெயர் ‘முந்தி எழுபவன்’. கொரியப் போரில், குண்டடிபட்ட தன் ஊர்க்காரன் எல்வுட்டை முதுகில் சுமந்து மலையடிவாரத்தில் இறக்கினான். இன்னொருவனைத் தூக்கிவர மேலே போனவன் திரும்பவில்லை.

கரடிக் குலத்தவனான எல்வுட் ஊன்றுகோலோடு ஊர் வந்தான். அவன் மனைவி ஐடா, ரோலண்டின் வீட்டாரோடு பேச்சுப் பழக்கம்கூட இல்லாத ஓநாய்க் குடும்பத்துப் பெண். மறுவருடம் மகன் பிறந்தான்.

பெயர் சூட்டும் நாளில் ஓநாய்க் குலத்தாய் லவீனியாவின் முன் ஊர் கூடியது.

ரோலண்டின் மனைவி ஹேசல், ஆமைக் குலத்தவள், தன் மகனை முன்னால் நிறுத்தினாள். “அப்பன் பெயர் பிள்ளைக்கு இல்லாமல் யாருக்கு?”

ரோலண்டின் அண்ணன் சான்சியும் தன் மகனுக்குக் கேட்டான். அவன் மனைவி கரடிக் குலம். “பட்டாளத்துக் காகிதத்தில் இருப்பது எங்கள் குடும்பப் பெயர். தம்பி பெயர் என் வீட்டில்தான் இருக்கணும்.”

எல்வுட் கடைசி வரிசையில் இருந்தான். ஐடா முழங்கையால் இடித்தாள். “கேளேன்.”

“அவன் முதுகையே வாங்கினவன் நான். எந்த வாயால் பெயரையும் கேட்பேன்?”

“முதுகில் ஏறும்போது வராத வெட்கம் இப்போ எதுக்கு?”

எழுந்தான். “நான் பிழைத்து வந்து என் மகன் பிறந்ததே ரோலண்டால்தான். எனக்கு உரிமை ஒன்றுமில்லை. நன்றிக்காகக் கேட்கிறேன்.”

“உன்னைச் சுமந்தது போதாதா? உன் பிள்ளையையும் என் தம்பி சுமக்கணுமா?” என்றான் சான்சி. சிலர் சிரித்தார்கள். எல்வுட்டுக்கு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

பெற்ற மகன், அண்ணன் மகன், காப்பாற்றப்பட்டவன் மகன். முறைப்படி அந்தப் பெயர் யாருக்குப் போக வேண்டும்?

விடை: எல்வுட்டின் மகனுக்கு. ரோலண்டின் மகன் ஆமை, அண்ணன் மகன் கரடி. ரத்தம் உண்டு, குலம் இல்லை. ஐடா பெற்றதால் குழந்தை ஓநாய். உரிமை இல்லை என்று எல்வுட் சொன்னது தன்னைப் பொறுத்தவரை சரி, மனைவியை மறந்துவிட்டான். லவீனியா ஐடாவின் கையிலிருந்தே குழந்தையை வாங்கினாள். “நன்றி உன்னோடது, நீயே வச்சுக்கோ. பெயர் இவள் வழியில் வருது,” என்றாள் எல்வுட்டிடம். சான்சி தொப்பியைக் கழற்றினான். பிறகு அருகில் போய்க் குழந்தையை அந்தப் பெயர் சொல்லி முதலில் கூப்பிட்டது ஹேசல்தான்.