தங்கத்தைச் சாய்த்தபோது

இருதயராஜ் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு ஒளியைப் படிக்க வந்தவர். அவருக்கு வாய்த்த குரு திலகவதி, அவரைவிடப் பல வயது இளையவர்.

ஒரு கண்ணாடித் துண்டின்மேல் கண்ணுக்கே தெரியாத தங்கக் குச்சிகளை வரிசையாகப் பதித்திருந்தார் இருதயராஜ். ஒளி அசையும் திசையை அவை மாற்ற வேண்டும். தனியே உட்கார்ந்து எத்தனை முறை பார்த்தும் மாற்றவில்லை. அதைக் குருவிடம் காட்டவும் கூசியது.

ஒரு காலையில் ஆய்வுக்கூடத்துச் சாவியைத் திலகவதியின் மேசைமேல் வைத்தார்.

"ஊருக்குப் போறேன் மேடம். ஒளி எங்கே, நான் எங்கே. அதைத் திருப்ப நான் யாரு?"

திலகவதி சாவியைத் தொடவில்லை. "போகலாம் சார். ஒரு தடவை எனக்குக் காட்டிட்டுப் போங்க."

சன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கின் முன் ஒளியை வடிகட்டும் இரண்டு தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார் இருதயராஜ். முதல் தாள் நின்றவாக்கில் அசையும் ஒளியை மட்டும் விடும். இரண்டாவது, படுக்கைவாக்கில் அசைவதை மட்டும். இரண்டையும் தாண்டி எதுவும் வரவில்லை. எதிர்ச்சுவர் இருண்டு கிடந்தது.

இரண்டு தாள்களுக்கும் நடுவே, திருப்பக்கூடிய ஒரு வளையத்தில் தன் கண்ணாடித் துண்டைப் பொருத்தினார். எதையும் கோணலாக வைத்துப் பழகாத மனிதர். தங்கக் குச்சிகள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன.

"பாருங்க மேடம். இருட்டுதான்."

"கொஞ்சம் சாய்ச்சு வைங்க."

"சாய்ச்சா?"

"சாய்ச்சுத்தான். நின்னவாக்குல அசையிற ஒளியை நேரா நிக்கிற தங்கம் திருப்பாது."

வளையத்தை மெல்லத் திருப்பினார். சுவரில் ஏதோ கசிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ஊறி, படர்ந்து, பழுத்து நின்றது.

இருதயராஜ் மூச்சுவிடப் பயந்தார்.

"இது எங்கேயிருந்து வருது மேடம்?"

"விளக்கிலிருந்துதான்."

"ரெண்டு தாளும் வழியை அடைச்சுத்தானே நிக்குது?"

"இப்பவும் அப்படியேதான் நிக்குது."

"இதுல இருக்கிற தங்கத்தை மொத்தமாச் சுரண்டினாலும் ஓர் எறும்புக்கு மூக்குத்தி செய்யக் காணாதே."

"காணாது."

இருதயராஜ் சுவரையே பார்த்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒளியைத் திருப்பினது தங்கமா, நானா?"

"கையை எடுத்துப் பாருங்க."

எடுத்தார். சிவப்பு அசையாமல் நின்றது.

இருதயராஜ் திலகவதியின் மேசைக்குப் போய்ச் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.