யார் கட்டிய மண்டபம்?

ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடிய காலம் அது, கண்ணுகளா. ஆலங்கரை என்று ஒரு பட்டணம். குணவீரன் என்ற அரசன் அதை ஆண்டுவந்தான்.

அந்த ஊர் அம்மன் கோயில் வாசலில் புதிதாக ஒரு கல் மண்டபம். கட்டட வேலைகளை மொத்தமாக ஒப்புக்கொண்டு நடத்துகிற வயிரவனார் கட்டியது. அதன் நிழலில் உட்கார்ந்து பூக்கட்டுவாள் தாயம்மை. கட்டிய பூவைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, தகப்பன் இல்லாத தன் இரண்டு பெண்களை வளர்த்துவந்தாள்.

ஒரு நாள் அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. அம்மன் புண்ணியத்தில் உயிர் தப்பியது. ஆனால் தாயம்மையின் வலது கால் நசுங்கிப்போனது. இனி யார் கூடை சுமப்பது? பெண்கள் சாப்பாட்டுக்கு எங்கே போவார்கள்?

கோல் ஊன்றி அரசவைக்குப் போனாள்.

"பிச்சை கேட்டு வரலை ராசா. என் காலை ஒடிச்சது யாருன்னு கேட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அரசன் வயிரவனாரைக் கேட்டான். "நான் ஒரு கல்லையும் தொடவில்லையே, கொத்தர்களைக் கேளுங்கள்" என்றார்.

கொத்தர்களைக் கேட்டான். "கலவை பிடிக்கவில்லை அரசே, சுண்ணாம்புக்காரரைக் கேளுங்கள்" என்றார்கள்.

சுண்ணாம்புக்காரரைக் கேட்டான். கைகாட்ட அவருக்கு ஆள் இல்லை. மேலே பார்த்தார். "அன்றைக்குக் காற்று பலம். எல்லாம் தெய்வச் செயல்" என்றார்.

அந்த வார்த்தையை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தெய்வச் செயலுக்கு மனிதர் ஈடு தர வேண்டாம் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

தினமும் கும்பிடுகிற அம்மன் மேலேயே பழியைப் போடுகிறார்களே! தாயம்மைக்குக் கால்வலியைவிட அதுதான் வலித்தது. 'தாயே, நீதான் என்னைப் பேச வைக்கணும்' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு வயிரவனார் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணாச்சி, மண்டபத்தை ஒட்டித்தானே என் ஓலைக் குடிசை இருக்கு? அந்தக் காத்து ஓலையை விட்டுட்டுக் கல்லைத் தேடிப் போச்சா?"

சபை சிரித்தது.

"தெய்வத்தோட கணக்கு உனக்குப் புரியுமா?" என்றார் வயிரவனார்.

"புரியாதுதான். சரி, அம்மன் செயல்னே வச்சுக்குவோம். அப்போ மண்டபம் எழும்பினதும் அவ செயல்தானே? வர்ற திருவிழாவில முதல் பரிவட்டத்தை அவ காலடியிலேயே வச்சிருவோம். அண்ணாச்சி கூட்டத்தோட கூட்டமா நின்னு கும்பிடட்டும்."

கோயிலுக்குக் கட்டிக்கொடுத்தவர் தலையில் முதல் பரிவட்டம் கட்டுவது அந்த ஊர் வழக்கம். அவருக்குப் பின் மகனுக்கு, மகனுக்குப் பின் பேரனுக்கு. அந்த மரியாதை போவதை வயிரவனாரால் தாங்க முடியுமா? துள்ளி எழுந்தார்.

"அதெப்படி? மண்டபம் நான் கட்டினது. ஒவ்வொரு கல்லும் என் பேரைச் சொல்லும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அரசன் எழுந்து நின்றான். "நின்றபோது உம்முடையது என்றால் விழுந்தபோதும் உம்முடையதுதான். கொத்தரையும் சுண்ணாம்புக்காரரையும் அமர்த்தியவர் நீர். அவர்களோடு உள்ள வழக்கை நீரே பேசித் தீர்த்துக்கொள்ளும். தாயம்மையின் வைத்தியமும், அவள் குடும்பத்தின் சாப்பாடும் அவள் ஆயுள் வரை உம்முடைய பாடு. மண்டபத்தையும் உம் செலவிலேயே திரும்பக் கட்டும்."

வயிரவனார் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். அன்று முதல் ஆலங்கரையில் கட்டட வேலை எடுக்கிறவர், 'நின்றாலும் விழுந்தாலும் என் கைவேலை' என்று சன்னிதியில் சொன்ன பிறகுதான் கடைக்கால் தோண்டலாம் என்று சட்டமாயிற்று.

தாயம்மை வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்த பூக்காரிகள் குலவையிட்டார்கள். தெரு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அம்மன் மேல் விழுந்த பழியைத் துடைத்த சந்தோஷத்தில், இரண்டு பெண்களின் தோளையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

ஆகையால் கண்ணுகளா, செய்த வேலைக்குப் பெருமை வாங்கிக்கொள்கிறவர், அதனால் வந்த கேட்டையும் கடவுள் தலையில் கட்டாமல் தாமே ஏற்றுக்கொள்ள வேண்டும்.