செவ்வாய்க்கிழமைத் தலை

ஆற்றங்கரை மடத்துச் சாமியைவிட அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்குப் பத்து வயது கூடுதல். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஆவுடையப்பன் கண்டுகொள்வதில்லை. சாமி காவி வாங்கிய அன்று அவருடைய சுருட்டை முடியை வழித்து ஆற்றோடு விட்டது ஆவுடையப்பனின் கைதான். அன்றிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி, சவரப் பெட்டியும் கையுமாக மடத்துக்கு வந்துவிடுவார்.

காசு வாங்குவதில்லை. கொடுக்க மடத்தில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். தலை மழித்துப் படிகாரம் தடவியதும் ஆவுடையப்பன் ஒரு கேள்வி கேட்பார், சாமி பதில் சொல்வார். அதுதான் கூலி.

சவரம் நடக்கும்போது இருவரும் பேச மாட்டார்கள். கத்திக்கு அடியில் இருக்கிறவன் ஞானம் பேசினால் காது போய்விடும் என்று ஆவுடையப்பன் தன் கடையில் சொல்லிச் சிரிப்பார்.

மாசி மாதத்தோடு அந்தச் சிரிப்பு நின்றது. கேள்வியும் நின்றது. வருவார், மழிப்பார், கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். "கூலி வேண்டாமா அண்ணாச்சி?" என்று சாமி கேட்டால், "இருக்கட்டும் சாமி" என்பார். சாமியும் வற்புறுத்தவில்லை.

ஆவணிப் பௌர்ணமி திங்கட்கிழமை வந்தது. அன்றும் ஆவுடையப்பன் வாய் திறக்காமல் வேலையை முடித்தார். கத்தியைத் துடைத்தார். பெட்டியை மூடி, அதைத் தன் பக்கம் வைக்காமல் சாமியின் காலடியில் வைத்தார்.

"இது இனிமே இங்கேயே கிடக்கட்டும் சாமி. நானும் இங்கேயே கிடந்துடுதேன். கூட்டிப் பெருக்குதேன், தண்ணி கோருதேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

"கடை?"

"ஆடியிலேயே பூட்டியாச்சு."

"ஏன்?"

"ஒரு நாள் காலையில ஷட்டரைத் தூக்கக் குனிஞ்சேன். கை வரல. அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

"கையில வலியா?"

"வலின்னா தைலம் போட்டிருப்பேனே."

சாமி புதிதாக மழித்த தன் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். "உங்க கூலி ரொம்ப நாளா நிக்குது. மொத்தத்தையும் சேர்த்துக் கேளுங்க" என்றார்.

ஆவுடையப்பன் கத்தி துடைத்த துணியை நாலாக மடித்தார்.

"மூணு வருசம் ஒரு நாள் விடாம உழைச்சேன் சாமி. அது தப்பாப் போச்சு. இப்ப சும்மா இருக்கேன். இது அதைவிட நெஞ்சை அறுக்கு. ஒரு சின்னக் கடைக்காரன் எவ்வளவு உழைக்கணும்? எந்த இடத்துல கையை நிறுத்தணும்? அதைச் சொல்லுங்க."

சாமி பெட்டியைத் திறந்தார். உள்ளே துழாவி, கத்திரிக்கோலையும் சீப்பையும் எடுத்தார்.

"உட்காருங்க" என்றார்.

"எதுக்கு சாமி?"

"உங்க தலையைப் பின்னாடியிருந்து பார்த்தேன். யாரு வெட்டினா?"

"நானேதான். ரெண்டு கண்ணாடி வச்சு."

"பின்னந்தலை?"

"அது ஒரு குத்துமதிப்பா..."

"அப்படித்தான் இருக்கு. உட்காருங்க."

ஆவுடையப்பன் பதறிப்போனார். "நீங்க என் தலையைத் தொடலாமா? பாவம் வந்து சேரும்."

"மாசாமாசம் நீங்க என் தலையைத் தொடுறீங்க. அந்தப் பாவத்தை எங்கே வச்சிருக்கீங்க?"

ஆவுடையப்பன் மணையில் உட்கார்ந்தார். சாமி தன் மேல்துண்டை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். முடிச்சு போடத் தெரியவில்லை. இரண்டு முறை அவிழ்ந்தது.

முதல் வெட்டிலேயே ஆவுடையப்பனுக்கு உடம்பு கூசியது. முப்பது வருஷம் அடுத்தவர் தலையில் கேட்ட சத்தம், தன் காதோரம் கேட்கும்போது வேறாக இருந்தது. சாமி சீப்பைச் செங்குத்தாகப் பிடிப்பது அவருக்குத் தோலிலேயே தெரிந்தது.

"சீப்பைச் சாய்ச்சுப் பிடிக்கணும் சாமி."

"ம்."

"கீழேயிருந்து மேலே வரணும்."

"ம். குனிங்க."

குனிந்தார். குனிந்த தலை தானாக நிமிர்ந்தது. சாமி கையால் அழுத்தினார். மறுபடியும் நிமிர்ந்தது. ஊர்க்காரர்களை எல்லாம் "கொஞ்சம் குனிங்க, கொஞ்சம் குனிங்க" என்று சொல்லியே காலம் தள்ளியவருக்குத் தன் கழுத்து வளைய மாட்டேன் என்றது.

"அண்ணாச்சி, வெட்டுறது நானா, நீங்களா?"

ஆவுடையப்பன் சட்டென்று அடங்கிப்போனார். இதே வார்த்தையை அவரிடம் சொல்ல முன்பு ஒருவர் இருந்தார்.

அவர் நம்பிராஜன். கடைத்தெருவில் ஆவுடையப்பன் கடைக்கு நேர் எதிரே நம்பி கடை. இருவரும் ஒரே ஆளிடம் தொழில் கற்றவர்கள். எதிரெதிர்க் கடை வைத்தால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று ஊர் எதிர்பார்த்தது. ஊருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. இங்கே கூட்டம் சேர்ந்தால் அங்கே அனுப்புவார்கள், அங்கே பிளேடு தீர்ந்தால் இங்கே வாங்கிக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை முடிவெட்டும் கடைகளுக்கு விடுமுறை. அன்று யாரும் தலையில் கத்தி படவிட மாட்டார்கள். கடைக்காரர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொள்ளும் நாளும் அதுதான். நம்பி கடையின் பின்வாசலில், துவைகல் பக்கம் ஒரு ஸ்டூல் கிடக்கும். மாதத்தில் ஒரு செவ்வாய் ஆவுடையப்பன் நம்பிக்கு வெட்டுவார், நம்பி ஆவுடையப்பனுக்கு வெட்டுவார். மற்றச் செவ்வாய்களில் முகச்சவரம் மட்டும். கால் மணி நேர வேலை மத்தியானம் வரை இழுக்கும். வாரமெல்லாம் கேட்ட ஊர்க்கதைகளை அங்கேதான் கொட்டுவார்கள். பிறகு எண்ணெய் தேய்த்து ஆற்றில் ஒரு குளியல், நம்பி வீட்டில் கருவாட்டுக் குழம்பு, ஒரு தூக்கம்.

ஆவுடையப்பன் அப்போதும் வாய் ஓயாமல் சொல்லிக் கொடுப்பார். நம்பி அவர் காதைப் பிடித்துத் திருகுவார். "வே, வெட்டுறது நானா, நீரா? ஊரான் தலைக்கெல்லாம் நம்ம கை எட்டும். நம்ம தலைக்கு நம்ம கை எட்டாதுவே. பேசாம குனியும்."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு புதுக் கடை வந்தபோதுதான் எல்லாம் மாறியது. அங்கே ஏழு நாளும் திறந்திருந்தது. இந்தக் காலத்துப் பையன்களுக்குச் செவ்வாய் என்ன, வெள்ளி என்ன. "போறவன் போகட்டும்வே, வாரவன் வருவான்" என்றார் நம்பி. ஆவுடையப்பன் கேட்கவில்லை. வெறுங்கை முழம் போடுமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை ஷட்டரைத் தூக்கினார்.

நம்பி அன்றும் வழக்கம்போல வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இந்த ஒரு தலை முடிஞ்சதும் வாரேன்" என்றார் ஆவுடையப்பன்.

ஒரு தலை முடிந்ததும் இன்னொரு தலை உட்கார்ந்தது. நம்பி பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். பிறகு பெஞ்சுக்கு வருவதை விட்டுவிட்டு, தன் கடை வாசலில் நின்று ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். அதுவும் ஒரு கட்டத்தில் நின்றது. கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது சேர்ந்திருப்பார்கள்.

அப்புறம் நம்பிக்கு ஈரல் கெட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

கத்திரிக்கோல் சத்தம் நின்றது. "என்ன அண்ணாச்சி, தோள் குலுங்குது?" என்றார் சாமி.

"மாசியில ஒரு செவ்வாய்க்கிழமை சாமி. நம்பி மகன் இசக்கி போன் போட்டான். 'சித்தப்பா, அப்பா உங்களைத்தான் வெட்டிவிடச் சொல்லுதாரு, வேற யாரையும் தொட விட மாட்டேங்காரு'ன்னான்."

"நீங்க?"

"மறுநாள் முகூர்த்தம். மாப்பிள்ளை கோஷ்டி உட்கார்ந்திருக்கு. இந்த ஒரு தலை முடிஞ்சதும் வாரேன்னேன்."

சீப்பு கழுத்தோரம் ஊர்ந்தது.

"பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தெருமுனை திரும்பினேன். அழுகைச் சத்தம் கேட்டுச்சு."

"ம்."

"அதுக்கப்புறம் வெட்டினேன் சாமி. நல்லாத்தான் வெட்டினேன். குனியச் சொன்னா குனியுத தலையா அது? ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டாங்க. காதைத் திருகுவான், திருகுவான்னு பார்த்துக்கிட்டே வெட்டினேன்."

ஆவுடையப்பன் துண்டின் நுனியை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெட்டிய முடி எல்லாம் கன்னத்தில் ஒட்டியது.

"அன்னைக்குச் சுடுகாட்டுல வச்சு இசக்கிக்கு மொட்டை போட்டதும் நான்தான். பய என் மடியில தலையைச் சாய்ச்சு அழுதான். அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுப் பக்கம் திரும்பியே பார்க்கல. முன்னைவிட வேகமா வேலை செஞ்சேன். வேலையிலே முங்கிட்டா ஞாபகம் வராதுன்னு நினைச்சேன். எதிர்க்கடையைப் பார்த்துக்கிட்டே எப்படி சாமி வராம இருக்கும்?"

சாமி முன்பக்கம் வந்து நின்று பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம் வெட்டினார். பிறகு அதற்குச் சரியாக வலது பக்கம் கொஞ்சம் வெட்டினார். மறுபடியும் இடது பக்கம் வந்தார்.

"போதும் சாமி" என்றார் ஆவுடையப்பன். அந்த நிலைமையிலும் அவருக்குத் தொழில் கவலை போகவில்லை. "அப்படியே போனா நானும் உங்களை மாதிரி ஆகிடுவேன்."

சாமி சிரித்தார். துண்டை அவிழ்த்து உதறினார்.

"எப்படி இருக்குன்னு கேட்க மாட்டீங்களா?"

"பின்னாடி இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

"நல்லாயில்ல அண்ணாச்சி. எலி கடிச்ச மாதிரி இருக்கு. தெரிஞ்ச ஆள்கிட்டே கொடுத்துச் சரி பண்ணிக்கோங்க."

"தெரிஞ்ச ஆளைத்தான் சுடுகாட்டுல கொண்டுபோய் வச்சாச்சே."

"நம்பி கடை பூட்டியா கிடக்கு?"

"இல்ல, இசக்கி நடத்துதான். அப்பன் கை அப்படியே வந்திருக்கு."

"செவ்வாய்க்கிழமை?"

ஆவுடையப்பன் தரையில் கிடந்த தன் முடியைக் கையால் கூட்டி ஒரு ஓரமாகச் சேர்த்தார். அதில் பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"ஏழு நாளும் திறந்திருக்கான் சாமி. போன வாரம் அந்த வழியாப் போனேன். அவன் பொண்டாட்டி வாசல்ல தூக்குவாளியோட நிக்கா. சோறு ஆறிப்போகுதுங்கா. அவன் திரும்பிப் பார்க்காமலே சொல்லுதான், 'இந்த ஒரு தலை முடிஞ்சதும் வாரேன்'னு."

"ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். செவ்வாயாவது மூடுலேன்னேன். 'நீங்க போட்ட பாதைதானே சித்தப்பா'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அவன் சொன்னதுல என்ன தப்பு இருக்கு?"

"ஆள் எப்படி இருக்கான்?"

"இளைச்சுட்டான். முடி வேற காதை மூடி, கழுத்துல இறங்கிக் கிடக்கு. அப்பன் இருந்த வரைக்கும் அந்தப் பய கழுத்துல ஒரு முடி விழுந்து நான் பார்த்ததில்ல. என்னலே கோலம் இதுன்னு கேட்டேன். ஸ்டைலுங்கான்."

"ஸ்டைலுன்னா சொன்னான்?"

"ஆமா சாமி."

சாமி கத்திரிக்கோலில் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டார். சீப்பையும் தட்டி, இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"மாசியில மொட்டை போட்டீங்க. அதுக்கப்புறம் அந்தத் தலையில யாரு கை வச்சா?"

ஆவுடையப்பனின் கை தன் பின்னந்தலைக்குப் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிந்ததும், "யாருமே வைக்கல சாமி" என்றார்.

சாமி பெட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, அண்ணாச்சி" என்றார்.