படிப்பகம் நடந்து போன கதை

சங்கரபாகம் அண்ணாச்சியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவருடைய ஒரு கால் பஸ் படியிலும் இன்னொரு கால் தரையிலும் இருந்தது. நெஞ்சுவலிக்குக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். நாங்கள் நான்கு பேரும் வழியனுப்ப வரிசையாக நின்றோம்.

"நான் திரும்பி வார வரைக்கும் படிப்பகத்து விதியில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. கேட்டியளா?" என்றார்.

கேட்டோம். பஸ் போயிற்று. அவர் திரும்பி வரவில்லை. ஆகவே விதியில் கை வைக்கும் காலமும் வரவில்லை.

படிப்பகம் என்பது முத்தாலங்கோட்டை மெயின் ரோட்டோரம் இருந்த ஒரு தகர அறை. மரச் சட்டம், நாலு பக்கமும் மேலேயும் தகரம், ஒரே கதவு. கதவுக்கு எதிர்ச் சுவரில் அண்ணாச்சி தம் கையாலேயே தாரில் மூன்று விதிகளை எழுதியிருந்தார். புத்தகம் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. உள்ளே பேசக் கூடாது. ஒருவருக்கு ஒரு புத்தகம்தான்.

பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. அதில் நான்கு புத்தகங்கள். ஒன்று தத்துவம், ஒன்று ஒரு மல்லரின் வாழ்க்கை, ஒன்று கணக்கு, ஒன்று சீட்டாட்டம். பழைய பேப்பர் கடையில் ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததை அண்ணாச்சி அப்படியே வாங்கி வந்திருந்தார். மனுசனுக்கு வேண்டியது எல்லாம் இந்த நான்குக்குள் அடங்கிவிடும் என்பார். உறுப்பினர்களும் நான்கு பேர் என்பதால் மூன்றாவது விதியில் சிக்கல் இல்லை.

தத்துவப் புத்தகம் டெய்லர் குற்றாலிங்கத்துக்கு. அதன் முதல் வரியே எதையும் சந்தேகப்படு என்றிருந்தது. அவர் அடுத்த வரியைச் சந்தேகப்பட்டு அங்கேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து கடையில் ஆளை அளந்துவிட்டு, டேப்பைச் சந்தேகப்பட்டு, இன்னொரு டேப்பால் அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால் ஆளைச் சந்தேகப்படுவார்.

சீட்டாட்டப் புத்தகம் சைக்கிள் கடை மாசிலாமணிக்கு. கையில் இருப்பதை முகத்தில் காட்டாதே என்று அதில் படித்தார். பிறகு எதையுமே முகத்தில் காட்டுவதில்லை. மகள் கல்யாணத்தில் அவர் நின்ற நிற்பைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கு ஆள் வந்து சமாதானம் சொன்னார்கள். ஆனால் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆட வேண்டும் என்பார். புத்தகம் வெளியே வராது. உள்ளே ஆடலாம் என்றால், பேசாமல் ஆட முடியாது.

மல்லரின் வாழ்க்கை, சோடாக் கம்பெனி சுடலைமணிக்கு. எங்களில் நல்ல உடம்பு அவருக்குத்தான். ஒரு பெரிய மனுசரின் வாழ்க்கையைத் தன் வயசுக்கு மேல் படிப்பது மரியாதை இல்லை என்று அவர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். படிப்பகம் நடந்து போன வருஷம் அவருக்கு இருபத்தொன்பது. மல்லரின் இருபத்தொன்பதாவது வயசு, அவர் தன்னைவிட இரண்டு மடங்கு ஆளோடு மோதக் கோதாவில் இறங்குவதோடு முடிகிறது. ஆவணியில் தனக்கு முப்பது பிறந்ததும் மீதியைப் பார்ப்பதாக சுடலைமணி பொறுமையாக இருந்தார்.

கணக்குப் புத்தகம் எனக்கு. நான் ரைஸ் மில்லில் எடை போடுகிறவன். ஒரு வியாபாரி உயர்ந்த அரிசியோடு மட்ட அரிசியைக் கலந்து விற்றான் என்று ஒரு கணக்கு அதில் உண்டு. புத்தகம் அவனைக் கண்டிக்கவே இல்லை. எவ்வளவு லாபம் என்று மட்டும் கேட்டது. அந்தக் கணக்கை மட்டும் நான் போடாமல் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி போன மறு வருஷம் ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்து, எங்கள் தகரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் பேரூராட்சிக்குப் போய் நின்றோம். செயல் அலுவலர் அம்மா நல்ல மனுசி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஷட்டர் போட்ட கட்டடத்தைப் படிப்பகத்துக்கே தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அதற்கு உரக்காரர்களும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை திறப்பு விழா, நாலு மணிக்குப் புத்தகங்கள் உள்ளே இருந்தால் அது படிப்பகம், இல்லாவிட்டால் உரக் கிடங்கு என்று முடிவாயிற்று.

"நாலு புத்தகம்தானே? ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வந்துருங்க" என்றார்கள்.

விதியை அவர்கள் படித்ததில்லை. நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

படிப்பகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூடினோம். உள்ளே பேசக் கூடாதல்லவா.

"அறையை இடிக்கப் போறாங்க. புத்தகம் அறையை விட்டு வரக் கூடாது. ரெண்டும் எப்படிவே நடக்கும்?" என்றார் சுடலைமணி.

மாசிலாமணி தன் புத்தகத்திலிருந்து ஒரு வழி சொன்னார். வெறுங்கையோடு போய்ப் புதுக் கட்டடத்தில் நிற்பது, முகத்தில் காட்டாமல் இருப்பது. அது அவரால் முடியும், எங்களால் முடியாது என்று விட்டுவிட்டோம்.

குற்றாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "அறைங்கிறது என்ன? நாலு சுவர், ஒரு கூரை. இது இந்த எடத்துலதான் இருக்கணும்னு அண்ணாச்சி எழுதியிருக்காரா?"

"எழுதலை" என்றேன்.

"அப்ப அறை போகட்டும். புத்தகம் அதுக்குள்ளயே இருக்கட்டும்."

எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நேரம் குடத்தோடு வந்த என் மனைவி செண்பகவடிவு நின்று கேட்டாள். "குடுங்க, முந்தானையில முடிஞ்சு ஒரே எட்டுல கொண்டுபோய் வச்சுட்டு வாரேன்" என்றாள். முந்தானை அறை ஆகாது என்று குற்றாலிங்கம் அவளுக்கு விளக்கினார். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

ஆள் கணக்கு என்னுடையது. நாலு பேர் ஒரு நாளில் செய்யும் வேலையை எட்டுப் பேர் அரை நாளில் செய்வார்கள் என்று புத்தகம் சொல்கிறது. ஊரே வந்தால் தூக்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஊரில் ஒருவரும் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அறையின் மரக் கால்களைத் தோண்டி எடுத்தோம். தரையும் அறையில் சேர்த்திதானா என்று குற்றாலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாதுகாப்புக்கு ஒரு சிமெண்டுப் பையில் தரையைக் கொஞ்சம் அள்ளி ஆணியில் மாட்டினோம். ஆளுக்கு ஒரு மூலையாக உள்ளே நின்றோம். நடுவழியில் புத்தகம் தவறி வெளியே விழக் கூடாது என்று கதவைச் சாத்தினோம். தூக்கினோம்.

சாத்திய பிறகுதான் வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பது தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. உள்ளே பேசக் கூடாது. சுடலைமணி எடுத்து வைக்கும் எட்டு பெரிது, மற்ற மூவருடையது சிறிது. அதனால் அறை நேராகப் போகாமல் வலம் வந்தது. நாய் குரைப்பு முதலில் முன்னாலும் பிறகு பின்னாலும் கேட்டது. யாரோ ஒரு அம்மா, "ஏ, கடை போகுதுடி" என்று சொன்னது நன்றாகக் கேட்டது.

கை ஓய்ந்ததும் ஓர் இடத்தில் இறக்கி வைத்தோம். அது பஸ் ஸ்டாப்.

கதவு திறந்தது. தடித்த ஒரு மனிதர் குடையோடு உள்ளே வந்தார். "வெயிலுக்கு நல்ல ஷெட்டு போட்டிருக்காங்க. புளியங்குடி பஸ் இங்கதானே நிக்கும்?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குடையை ஆணியில் மாட்டினார், பலகையிலிருந்து சீட்டாட்டப் புத்தகத்தை எடுத்தார், படிக்க ஆரம்பித்தார். நேரம் ஆகிறது என்று நாங்கள் அறையைத் தூக்கினோம். அவர் பக்கத்தைப் புரட்டியபடியே எங்களோடு நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தாம் நடப்பது அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. அந்த நேரம் பஸ் ஹாரன் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார்.

மாசிலாமணிதான் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பலகையைப் பார்த்தபோது மூன்று புத்தகங்கள்தான் இருந்தன.

அறையை இறக்கி வைத்துவிட்டு, பேசுவதற்காக எல்லாரும் வெளியே வந்தோம்.

"ஏன்வே தடுக்கலை?" என்று சுடலைமணி கேட்டார்.

"உள்ள பேசக் கூடாதுல்லா?" என்றார் மாசிலாமணி.

"மூஞ்சியிலயாவது காட்டியிருக்கலாம்லா?"

"காட்டக் கூடாதுன்னுல்லா போட்டிருக்கு."

இரண்டும் நியாயமாகவே இருந்தன. ஆனால் புத்தகம் வெளியே போய்விட்டது. அண்ணாச்சி பேச்சை மீறிவிட்டோம் என்று சுடலைமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தூரத்தில் புளியங்குடி பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் கையில் புத்தகத்தோடு ரோட்டில் நின்றார்.

குற்றாலிங்கம் மறுபடி கண்ணை மூடினார். "புத்தகம் அறையை விட்டுப் போறதைத்தான் அண்ணாச்சி தடுத்திருக்காரு. புத்தகத்தைத் தேடி அறை போறதைத் தடுக்கலை."

உள்ளே போய்த் தூக்கினோம். இந்த முறை கதவைத் திறந்தே வைத்தோம், ஆள் தெரிய வேண்டுமே. அவரைக் குறி வைத்து ஓடினோம்.

பகல் வெளிச்சத்தில், திறந்த வாயோடு, ஒரு தகர அறை தன்னை நோக்கி ஓடி வருவதை அவர் பார்த்தார். அறைக்குக் கீழே எட்டுக் கால்கள். ஒரு சத்தமும் இல்லை. அவர் ஓட ஆரம்பித்தார். முன்னே போகிறவனைப் பின்னே வருகிறவன் எங்கே பிடிப்பான் என்று என் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பின்னே வருவது அறையாக இருந்தால் என்ன செய்வது என்று அதில் போடவில்லை.

அவர் கடைத்தெருவைத் தாண்டினார், தாண்டினோம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினார், திரும்பினோம். அங்கே ஒரு கட்டடத்தின் ஷட்டர் திறந்திருந்தது. வாசலில் ரிப்பன் கட்டி, கத்திரிக்கோலோடு செயல் அலுவலர் அம்மா நின்றார்கள். பக்கத்தில் உர மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அந்த மனிதர் ரிப்பனை வயிற்றால் அறுத்துக்கொண்டு உள்ளே போய், கடைசிச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார். நாங்களும் நிற்கவில்லை. அறை ஷட்டருக்குள் நுழைந்தது. பக்கத்துக்கு ஒரு விரல்கடை கூட மிச்சமில்லாமல், கிறீச்சிட்டுக்கொண்டே போய், திறந்திருந்த கதவு வழியாக அவரை விழுங்கிவிட்டுச் சுவரில் முட்டி நின்றது. அதற்கு மேல் அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அவர் புத்தகத்தைப் பலகையில் வைத்தார். நான்கும் சரியாக இருந்தன.

வெளியே செயல் அலுவலர் அம்மாவின் குரல் கேட்டது. "மணி நாலாச்சு. புத்தகம் உள்ள வந்துட்டா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்களைத்தான். புத்தகம் உள்ள இருக்கா, இல்லையா?"

சுடலைமணியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. லாரியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ முதல் மூட்டையைத் தரையில் போட்டார்கள். அண்ணாச்சியின் படிப்பகம் உரக் கிடங்காகிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேரும் அவருடைய விதிக்கு எதிரில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

அந்த மனிதர்தான் கத்தினார். அவர் உறுப்பினர் இல்லை. "நாலு புத்தகமும் இருக்கும்மா. நாலு பேயும் இருக்கு. என்னைத் தொறந்து விடுங்க."

மூட்டையை மறுபடி லாரியில் ஏற்றினார்கள். படிப்பகம் எங்களுக்கு ஆயிற்று.

கதவு சுவரோடு ஒட்டிவிட்டதால் கூரைத் தகரத்தைத் தூக்கி, அதன் இடுக்கு வழியாக ஒவ்வொருவராக வெளியே இறங்கினோம். கீழே செண்பகவடிவு இடுப்பில் குடத்தோடு நின்றாள். "கையில எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றாள். எங்களுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறு நாள் படிக்கப் போனபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கதவு கட்டடத்துச் சுவரைப் பார்த்திருந்தது. தெருவைப் பார்த்திருந்தது விதிகள் எழுதிய சுவர். அதை வெட்டி வழி செய்யலாம் என்றார் பேரூராட்சி கொத்தனார். விதியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டோம். கூரை வழியாகவே போய் வரலாம் என்றேன் நான். "கூரை வழியா ஏறி எறங்குறவனை ஊர்ல ஒருத்தனும் வாசகன்னு சொல்ல மாட்டான்வே" என்றார் குற்றாலிங்கம்.

அதெல்லாம் பழைய காலம். குற்றாலிங்கம் போய்விட்டார். மாசிலாமணியும் போய்விட்டார், அதையும் அவர் முகத்தில் காட்டவில்லை. அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே வந்த செண்பகவடிவும் போய்விட்டாள். சாயங்காலத்தில் நானும் சுடலைமணியும் மட்டும் அந்தத் தகரச் சுவருக்கு முன்னால் போய் உட்காருகிறோம்.

போன மாதம் அவரிடம் கேட்டேன். "நமக்கென்ன இனி ஊரு பேச்சு? கூரையைத் தூக்கி அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாரும். மல்லர் ஜெயிச்சாரா தோத்தாரான்னு தெரிய வேண்டாமா?"

சுடலைமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எனக்கு எழுவத்தி ரெண்டு ஆச்சு. முப்பதாவது வயசை இப்பப் படிக்கிறது முறை இல்லை. எழுவத்தி ரெண்டைத்தான் படிக்கணும். மல்லர் அறுவத்தொண்ணுல இறந்துட்டதா அட்டையிலேயே போட்டிருக்கு. எனக்கு அதுல பக்கமே இல்லைவே."

நான்கு புத்தகங்களும் அந்த மனிதரின் குடையும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.